நாற்பத்தொரு பழுதுச் சீட்டுகள்

முந்நூறு பேர் வானத்தில் எதையோ பார்த்துப் பதினைந்து நாள் கழிந்த பிறகு விசாரணைக் குழு வந்து இறங்கியது. பதினைந்து நாள் கழித்து வந்து அண்ணாந்து பார்த்தால் அங்கே என்ன இருக்கும்? வானம்தான் இருந்தது. அதையும் அவர்கள் விடவில்லை. காரை விட்டு இறங்கி, பாட்டில் தொழிற்சாலையின் வாசலில் நின்று, நெற்றிக்குக் கையைக் குடையாகப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு மேனேஜர் அறைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

குழு என்றதும் பெரிய படை என்று நினைக்க வேண்டாம். வானிலை இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி, சொல்லச் சொல்ல டைப் அடிக்க ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தால் நாளாகும். மேனேஜர்தான் வழி சொன்னார், "எங்க டாக்டரே இருக்காரே சார்." இப்படியாகக் கம்பெனி டாக்டர் அரசாங்கத்தின் விசாரணைக் குழுவில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே ஆரம்பித்தால் எனக்கு வருகிற கோபத்தில் கதை வேறு பக்கம் போய்விடும்.

நடந்தது இதுதான். பகல் ஷிஃப்ட் முடிந்து பரிசோதனைப் பிரிவுப் பெண்கள் நாற்பத்தொரு பேரும் வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். சூரியன் விழுந்தும் வானம் வெளுப்பாக இருந்த நேரம். பெரிய புகைபோக்கிக்கு வலது பக்கத்தில், அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மூன்று வெளிச்சங்கள் நின்றன. ஆரஞ்சு நிறம். வட்டம். மூன்றாவது மட்டும் வரிசையை விட்டுச் சற்றுப் பின்தங்கியிருந்தது. சத்தமே இல்லை. மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து, ஒவ்வொன்றாகப் புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்து, ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வந்து, பிறகு ஒவ்வொன்றாக மங்கிப் போயின. மொத்தம் நாலு நிமிஷம். பெண்கள் போட்ட கூச்சலைக் கேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், முடிவெட்டிக்கொண்டிருந்தவர்கள் கழுத்துத் துணியோடு வெளியே வந்து பார்த்தார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியை மாடியிலிருந்து பார்த்தாள். ஆனால் முதலில் பார்த்து, "அங்க பாருங்கடி!" என்று கத்தியவள் கழுகு.

கழுகு என்பது தொழிற்சாலை வைத்த பெயர். அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயரை இப்போது அவள் புருஷன்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பதினாறு வருஷமாகப் பரிசோதனைப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறவைக்கும் அடுப்பிலிருந்து பாட்டில்கள் இன்னும் சூடு அடங்காமல் ஓடுபட்டையில் வரிசையாக வரும். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பலகை, உள்ளே விளக்கு, சூரியனைப் பிடித்து அடைத்து வைத்த மாதிரி எரியும். அந்த வெளிச்சத்தின் முன்னால் நிமிஷத்துக்கு அறுபது பாட்டில் கடக்கும். குமிழி இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, உருகாத மணல் கல்லாக ஒட்டியிருக்கிறதா, கழுத்து கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி. பழுது என்றால் நுனியில் ரப்பர் கட்டிய குச்சியால் ஒரு தட்டு. பாட்டில் குழியில் விழுந்து உடையும். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஆளைக் குறைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்றாகி, அதையும் சூப்பர்வைசர் மறந்துபோவது வழக்கமாகிவிட்டது.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் கண்ணை விட்டுப் போகாத ஒரு பச்சை ஓரம் வைத்த பாட்டில். சுவரைப் பார்த்தால் சுவரில் நிற்கும், தட்டைப் பார்த்தால் சோற்றில் நிற்கும். நிழல் பாட்டில் என்பார்கள். "என் வீட்டுக்காரர் மூஞ்சியில நேத்து ரெண்டு மணி நேரம் நின்னுச்சுடி, அவரு நல்லாத்தான் இருந்தாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். கண்ணைத் திருப்பினால் அதுவும் திரும்பும், கண்ணை மூடினாலும் இருக்கும். அதை நம்பி ஏமாறுகிற ஒருத்தி அந்தப் பிரிவில் கிடையாது.

அதிகாரி முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் வேலை செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்துக்குப் போன் போட்டார், அந்த நேரத்தில் எதுவும் பறக்கவில்லை. கிரகங்களின் அட்டவணையைப் பிரித்தார், அந்தத் திசையில் எதுவும் இல்லை. பலூன் விட்டார்களா, பறவைக் கூட்டத்தின் வயிற்றில் வெயில் பட்டதா, உயரத்தில் பனித்துகள் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியலிலிருந்து அடித்தார். மூன்றாம் நாள், உலையின் வெளிச்சம் தாழ்ந்த புகையில் பட்டுத் தெரிந்திருக்கலாம், அன்றைக்குப் புகைபோக்கி வழியாக என்ன போனது என்று பார்க்க உலைப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். அன்று மதியம் மேனேஜரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் அந்தக் கேள்வியும் இல்லை, பதிவேடும் இல்லை.

நாலாம் நாள்தான் கழுகைக் கூப்பிட்டார்கள். கேன்டீனில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு, மேலே துணி விரித்து, விசாரணை நடந்தது. துணிக்கு மேல் நாற்பத்தொரு சீட்டுகள் பரப்பியிருந்தன. பார்த்ததை எழுதி வரைந்து கொடுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எழுதச் சொன்னவர்கள் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. பெண்கள் ஏப்ரன் பையிலிருந்த பழுதுச் சீட்டை எடுத்து அதில் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டில் ஒரு பாட்டிலின் உருவம் அச்சடித்திருக்கும். எந்தப் பாட்டிலில் எந்த இடத்தில் பழுது என்று அதில்தான் புள்ளி வைப்பார்கள்.

"இது நீங்க குடுத்ததுதானேம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"மூணு வட்டம் போட்டிருக்கீங்க. பாட்டிலுக்குள்ள போட்டிருக்கீங்க."

"அது பாட்டில் இல்ல சார். அதாவது பாட்டில்தான், ஆனா நாங்க அளவுக்கு வெச்சுக்கிட்டோம். கழுத்துங்கிறது புகைபோக்கி. தோள்னா தண்ணித் தொட்டி. அடி வந்து காம்பவுண்ட் சுவரு. எந்த உயரத்துல நின்னுச்சுன்னு காட்டணும்ல. அப்படிக் குறிச்சா எங்களுக்குத் தப்பாது."

"நாப்பத்தொரு பேரும் பாட்டிலுக்குள்ளயேதான் பார்த்திருக்கீங்க."

"நாப்பத்தொரு பேருக்கும் வேற பேப்பர் ஏது சார்? நீங்க குடுக்கலையே."

குமாஸ்தா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. டாக்டர் பக்கம் திரும்பி, "எட்டு மணி நேரம் விளக்கு முன்னாடி பாட்டிலையே பார்த்தா, கண்ணுல அது தங்குமில்லையா டாக்டர்?" என்றார். டாக்டர், தங்கும், அறிவியல்ரீதியாக நன்றாகத் தெரிந்த விஷயம்தான் என்றார்.

"சார், அது எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கழுகு. அவள் குரல் ஏறிவிட்டது. பரிசோதனைப் பிரிவில் எல்லோர் குரலும் அப்படித்தான், பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசுகிற இரைச்சலில் பேசிப் பேசி வீட்டிலும் கத்துவார்கள். "நிழல் பாட்டில் தினமும் எங்க கூடத்தான் வீட்டுக்கு வருது. கண்ணத் திருப்பினா அதுவும் திரும்பும். இது திரும்பல. நான் ஒருதரம் கீழ பார்த்துட்டு மேல பார்த்தேன், அங்கயேதான் நின்னுச்சு. புகைபோக்கிக்குப் பின்னாடி போச்சு சார். நடுவுல பாதி வட்டம் மட்டும் தெரிஞ்சுது. என் கண்ணுக்குள்ள இருக்கிறது எப்படி சார் புகைபோக்கிக்குப் பின்னாடி போகும்?"

அதிகாரி பேனா மூடியைத் திறந்து மூடினார். "சரிம்மா. நாங்க கவனத்துல எடுத்துக்கிறோம்."

"எழுதுங்க சார்."

"எழுதுவோம்."

குமாஸ்தாவின் விரல் அசையவில்லை. அதையும் கழுகின் கண் பார்த்துவிட்டது.

அவள் வீடு தொழிற்சாலைக்குப் பின்னால், வரிசை வீடுகளில் கடைசி. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, கழுவிய துணி எப்போதும் உலராத ஒரு பின்கட்டு. கண்ணாடித் தூள் காற்றில் வரும் என்பதால் ஜன்னலைத் திறப்பதில்லை. புருஷன் உலைக்கு மணலும் சோடாவும் கலக்கிற பிரிவில் இருந்தான். அவனுடைய தங்கை, சின்னவள், அவர்களோடுதான் இருந்தாள். இந்தச் சின்னவளால்தான் அந்த வீட்டில் எட்டு மாதமாக யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

பதினொரு வருஷம் அதே வெள்ளைப் பலகை முன்னால், அண்ணிக்கு அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் சின்னவள். இரண்டு வருஷம் முன்பு கண்ணில் பால் படிந்த மாதிரி மங்கத் தொடங்கியது. கம்பெனி டாக்டரிடம் போனாள். பார்வை இயல்பாக உள்ளது என்று எழுதிக் கொடுத்தார். தலைவலி தாங்காமல் மறுபடி போனாள். இயல்பாக உள்ளது. மூன்றாவது முறை அழுதாள், அப்போதும் இயல்பாகவே இருந்தது. அந்த டாக்டர் இந்த டாக்டர்தான். கடைசியில் கீறல் விழுந்த மருந்து பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய அவள் கண்ணைத் தாண்டிப் போய், மருந்துக் கம்பெனியில் ஒருவர் கையைக் கிழித்துவிட்டன. கண் நன்றாக இருந்தும் பார்க்கவில்லை என்றால் அது கவனக்குறைவு. கவனக்குறைவு என்றால் வேலை நீக்கம். கம்பெனியின் கணக்கு அவ்வளவு சுத்தம்.

தொழிலாளர் அலுவலகத்தில் மேல்முறையீடு கிடந்தது. அந்த விளக்குதான் கண்ணைக் கெடுத்தது என்று ஒரு காகிதம் கிடைத்தால் கம்பெனி செலவில் சிகிச்சை, பொதி கட்டுகிற பிரிவில் வேலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனக்குறைவு என்கிற அந்த வார்த்தை அழியும். காகிதம்தான் இல்லை. வெளி ஆஸ்பத்திரியில் எழுதித் தந்ததை, கம்பெனி டாக்டர் சொல்வதே செல்லும் என்று ஓரத்தில் வைத்துவிட்டார்கள். கண்ணில் புரை முற்றுவதற்குள் அறுவை செய்யாவிட்டால் பிறகு செய்தும் பயனில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

கழுகை விசாரித்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கழுகு அடுப்பில் முட்டை வேக வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கீழே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினாள். பார்த்துச் சீவுவதில்லை, கட்டைவிரலால் தடவித் தோல் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துச் சீவுவாள். அப்போது சங்கச் செயலாளர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"அறிக்கையோட நகல் கிடைச்சிருச்சு. உக்காருங்க எல்லாரும். கேளுங்க." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'பரிசோதனைப் பிரிவில் உள்ள ஒளிப்பலகையைத் தொடர்ந்து பார்ப்பதால் பணியாளர்களின் கண்களில் தங்கும் பிம்பமே வானில் கண்டதாகச் சொல்லப்படும் வெளிச்சங்களுக்குக் காரணம். மற்றவர்கள் இவர்களது கூச்சலால் தூண்டப்பட்டு அவ்வாறே கண்டதாக நம்பினர்.' எப்படி? அரசாங்கமே எழுதுது, விளக்கு கண்ண என்னமோ பண்ணுதுன்னு. இதுல டாக்டர் கையெழுத்தும் இருக்கும். நம்ம சின்னவ கேஸுக்கு இத விட என்ன வேணும்?"

புருஷன் எழுந்தே விட்டான். "அப்ப ஜெயிச்சிரலாமா?"

"ஜெயிச்ச மாதிரிதான். ஒண்ணே ஒண்ணு. சீட்டு எழுதிக் குடுத்தவங்க ஒவ்வொருத்தரும் இந்த விளக்கக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். 'நான் கண்டது வானில் இருந்த பொருள் அல்ல, கண் சோர்வினால் ஏற்பட்ட பிம்பம் என்று அறிகிறேன்.' நாப்பது பேரு போட்டாச்சு. முதல் சாட்சி போடலைன்னா 'விளக்கம் கிடைக்கவில்லை'ங்கிற கட்டத்துக்குப் போயிரும். மேலிடத்துக்குப் போகும், புதுக் குழு வரும், இந்த அறிக்கையே கிடப்புல போயிரும். அந்த அதிகாரிக்கு அது பிடிக்கல, அவருக்கு ஊருக்குப் போகணும். நமக்கும் பிடிக்கல."

கழுகு அடுப்பை அணைத்தாள். "நாப்பது பேரும் போட்டாளுகளா?"

"போட்டாங்க. போடாட்டி ஷிஃப்ட் மாத்திருவேன்னு சூப்பர்வைசர் சொன்னாராம்."

"நான் போட மாட்டேன்."

"இந்தா பாரு," என்றான் புருஷன், "வானத்துல என்ன வேணா இருந்துட்டுப் போகட்டும். அது நமக்குச் சோறு போடுதா? உனக்கு என்ன போச்சு, ஒரு கையெழுத்து. என் தங்கச்சி வாழ்க்கை."

"என்னங்க, எனக்கு மட்டும் அவ யாரோவா? நீங்க வேலைக்குப் போயிருவீங்க, ராத்திரி பூரா தலைய அமுக்கி விடுறது யாரு?" அவள் முட்டைகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். ஒன்று வெடித்து வெள்ளை வெளியே வந்தது. "நான் வேற்றுக் கிரகத்து ஆளு வந்தான்னா சொன்னேன்? பேயின்னு சொன்னேனா? உங்க உலைப் புகையில வெளிச்சம் பட்டதாவே இருக்கட்டும், சந்தோஷம். என்னன்னு கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். அது என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா இருந்துச்சு. பதினாறு வருஷமா நான் கீறல்னு தட்டிவிட்ட ஒரு பாட்டில் நல்ல பாட்டிலா இருந்ததில்ல. இப்ப நானே எழுதிக் குடுக்கணுமா, என் கண்ணு இல்லாதத இருக்குன்னு சொல்லும்னு?"

"பொய்யி ரெண்டு பக்கமும் அவங்களுதுதான்," என்றார் செயலாளர் மெதுவாக. "அதுல நமக்கு உதவுற பொய்ய எடுத்துக்கலாம்ன்னுதான் சொல்றேன்."

கிழங்கு சீவிக்கொண்டிருந்த சின்னவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். "நானும்தான அன்னைக்கி வாசல்ல நின்னேன்."

அன்றைக்கு அவள் சர்வீஸ் சான்றிதழ் கேட்டு எட்டாவது முறையாக ஆபீசுக்குப் போய், நாளைக்கு வா என்ற பதிலைக் கேட்டுவிட்டு, வாசலில் அண்ணிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பார்த்தேன். பாலுக்குள்ள விளக்கு வெச்ச மாதிரி மங்கலாத்தான் தெரிஞ்சுது. ஆனா எண்ணினேன். மூணு இருந்துச்சு, ரெண்டாச்சு, திரும்ப மூணாச்சு. எட்டு மாசமா நான் அந்தப் பலகை முன்னாடி உக்காரல. என் கண்ணுல எந்தப் பாட்டிலும் இல்ல."

"நீ வாயத் திறக்கக் கூடாது," என்றாள் கழுகு உடனே. "யார்ட்டயும். கேக்குதா? நீ பார்த்தேன்னு சொன்னா அந்த அறிக்கை அங்கேயே செத்துப் போச்சு. உன் கேஸும் அதோட போச்சு."

"நீங்க மட்டும் போடமாட்டேன்னா சாகாதா அண்ணி?"

கழுகு ஒரு முட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டே நின்றாள். யாரையும் பார்க்காமல், "போட்டுத் தொலைக்கிறேன். நாளைக்கே போய்ப் போடுறேன்," என்றாள். புருஷன் பெருமூச்சு விட்டான். செயலாளர் டீ குடித்துவிட்டுப் போனார். அன்று மதியம் சாப்பிடும்போது கழுகு தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தாள், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேன்டீன். குழு ஊருக்குக் கிளம்புகிற நாள், பெட்டிகள் வாசலில் இருந்தன. அதிகாரி மணியைப் பார்த்துக்கொண்டே விளக்கக் கடிதத்தைக் கழுகின் பக்கம் தள்ளினார். டாக்டர் சாட்சிகளுக்குக் கண் பரிசோதிக்க மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சாட்சியையும் அவர் பரிசோதித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. புருஷன் ஷிஃப்டிலிருந்து அரைமணி அனுமதி வாங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் மணல் தூசியோடு கதவருகில் நின்றான்.

கழுகு பேனாவை எடுத்தாள். பதினாறு வருஷம் நொடிக்கு ஒரு தடவை முடிவெடுத்த கை, காகிதத்துக்கு மேல் அப்படியே நின்றது.

"சீக்கிரம்மா. ரயிலுக்கு நேரமாச்சு," என்றார் அதிகாரி.

"ஒரு சாட்சி பாக்கி இருக்கு சார்."

சொன்னது சின்னவள். சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுகு பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். "உனக்கு என்னடி பைத்தியமா? வீட்டுக்குப் போ!"

"விடுங்க அண்ணி. நேத்து நீங்க சாப்பிட்ட லட்சணம் எனக்குத் தெரியும். தட்டு நகர்ற சத்தம் கேக்கும்ல." அதிகாரி இருக்கிற திசையைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துத் திரும்பினாள். "நானும் பார்த்தேன் சார். மூணு வெளிச்சம். புகைபோக்கிக்குப் பின்னாடி போய் வந்துச்சு. நான் இங்க வேலையில இல்ல. எட்டு மாசமா அந்த விளக்க நான் பார்க்கல. எழுதிக்குங்க."

அதிகாரியின் முகம் சுருங்கியது. ஏழு நாள் உழைப்பு. நாற்பது கையெழுத்து. வாசலில் பெட்டி. இந்த நேரத்தில் பலகை முன்னால் உட்காராத ஒரு சாட்சி. இவள் கண்ணில் தங்க ஒரு பிம்பமும் இல்லையே. சற்று நேரம் அவளையே பார்த்தார். நாற்காலியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு அவருக்கு வழி புலப்பட்டது.

"ஏம்மா, உங்களுக்குப் பார்வை சரியாத் தெரியுதா?"

"அத டாக்டரக் கேளுங்க சார்."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சார், இந்தம்மா விஷயம் வேற. இது கம்பெனி சம்பந்தப்பட்டது. இத நாம இங்க..."

"நான் கேட்டது பார்வை எப்படின்னு."

"ஏற்கெனவே சான்றிதழ் குடுத்திருக்கேன் சார். இயல்பா..." என்று ஆரம்பித்து டாக்டர் மென்று முழுங்கினார்.

"இயல்புன்னா இவங்க சொல்றது செல்லுபடியான சாட்சி," என்றாள் கழுகு. அவள் இப்போது சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. "அப்படியே எழுதுங்க சார். பார்வை இயல்பா இருக்கிற, பலகை முன்னாடி உக்காராத ஆளும் பார்த்துச்சுன்னு எழுதுங்க."

"சும்மா இரும்மா!" அதிகாரி எரிச்சலில் மேசையைத் தட்டினார். "சான்றிதழ் எல்லாம் எனக்கு வேண்டாம். எழுத்துப் பலகை அங்கதான இருக்கு? இப்பவே பாருங்க டாக்டர்."

"டெஸ்ட் பண்ணுங்க சார்," என்றாள் சின்னவள். "ரெண்டு வருஷமா அதத்தான் நானும் கேக்குறேன்."

அவளைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முதல் வரியில் இருந்த ஒரே பெரிய எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது வரியில் ஒன்றைச் சொல்லி, மற்றதைத் தப்பாகச் சொன்னாள். மூன்றாவது வரியில் எழுத்து இருப்பதே தெரியவில்லை என்றாள். டாக்டர் அவளுடைய ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மேனேஜர் வருகிறாரா என்று கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதிகாரிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம்மா அந்த விளக்கு முன்னாடி இருந்தீங்க?"

"பதினொண்ணு."

"எழுதுப்பா," என்று குமாஸ்தாவிடம் திரும்பினார். விறுவிறுவென்று வந்தது. "'இச்சாட்சி பதினொரு ஆண்டுகள் ஒளிப்பலகை முன் பணியாற்றியதால் இரு கண்களின் பார்வையும் நிரந்தரமாகப் பழுதடைந்தவர் என்பது குழுவின் முன்னிலையில் நடந்த பரிசோதனையில் உறுதியானது. எனவே இவர் இல்லாத ஒன்றைக் கண்டதாகச் சொல்வதை ஏற்பதற்கில்லை.' நாலு பிரதி எடு. டாக்டர், கையெழுத்துப் போடுங்க."

"சார், ஒரு நிமிஷம் மேனேஜரக் கேட்டுட்டு..."

"நான் நடத்துற விசாரணையில நான் மேனேஜரக் கேக்கணுமா?"

டாக்டர் போட்டார். நாலு பிரதியிலும் போட்டார். மூன்று முறை இயல்பு என்று எழுதிய அதே கை, அதே பேனா. கதவருகில் புருஷன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினான், தூசி அப்பிய கன்னத்தில் இரண்டு கோடு இறங்கியது. ஒரு பெண்ணின் கண் போய்விட்டது என்ற உண்மையை, அவளைப் பொய்க்காரி ஆக்குவதற்காக மட்டும்தான் இந்த உலகம் ஒப்புக்கொள்ளும் என்றால், அந்த உலகத்தின் முகத்தில் காறித் துப்பலாமா வேண்டாமா?

"இப்ப நீங்க போடுங்க," என்று அதிகாரி கழுகைப் பார்த்தார்.

கழுகு விளக்கக் கடிதத்தை அவர் பக்கமே தள்ளினாள். "அதான் உங்களுக்கு வேற காரணம் கிடைச்சிருச்சே சார். நான் போடல. 'விளக்கம் கிடைக்கவில்லை'ங்கிற கட்டத்துல எழுதிக்குங்க."

"ஒத்துழைக்கவில்லைன்னு எழுதுவேன்."

"எழுதுங்க. அதுவாவது நிஜம்."

குமாஸ்தா நாலு பிரதியையும் சின்னவள் முன்னால் வைத்தான். வாக்குமூலம் பெற்றுக்கொண்டதற்கு அவள் கையெழுத்திட வேண்டும், ஒரு பிரதி அவளுக்கு. கோடு தெரியாமல் அவள் தடுமாறியபோது அந்தப் பையன் அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினான். அவள் மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி குனிந்து பெயரை எழுதினாள். பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில், எழுத்து மேலும் கீழுமாகப் போக, இன்னொரு வார்த்தை எழுதினாள். கழுகு எட்டிப் பார்த்தாள். 'பார்த்தேன்' என்று இருந்தது.

"அடியே," என்று கிசுகிசுத்தாள் கழுகு, "கேஸுக்குப் போற காகிதம்டி அது. எதிர்த்தரப்பு வக்கீல் இத வெச்சே உனக்குக் கண்ணு தெரியுதும்பான்..."

"தெரியும் அண்ணி." இரண்டாவது பிரதியிலும் எழுதினாள். மூன்றாவதிலும்.

"என்னம்மா பண்றீங்க?" அதிகாரி பாதி எழுந்துவிட்டார். "கண்ணு போச்சுன்னு இப்பத்தான் நீங்களே நின்னு காட்டினீங்க. அடுத்த நிமிஷம் பார்த்தேன்னு எழுதுறீங்க. இதுல நான் எத எடுத்துக்கிறது?"

"ரெண்டும் நடந்துச்சு சார்," என்றாள் சின்னவள். "கண்ணு போனதும் நடந்துச்சு. பார்த்ததும் நடந்துச்சு. உங்களுக்கு எது வசதியோ அத மட்டும் நடந்ததா வெச்சுக்காதீங்க."

நாலாவது பிரதியைத் தன் பக்கம் இழுத்து, விரலால் கோட்டைத் தேடினாள்.